போலீஸ்காரர் சொன்னார், மலையைச் சுற்றினேன்

கீழ்ப்படிதல் நல்ல குணம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருபத்து நான்கு வயது வரை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருத்தி, ஒரு புதன்கிழமை காலையில் திடீரென்று அதை முழுமூச்சாக ஆரம்பிக்கக் கூடாது. புதிதாக ஜிம்முக்குப் போகிறவன் முதல் நாளே நூறு கிலோவைத் தூக்கினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். எனக்கு ஆனது.

அப்போது எங்களுக்கு ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ் வேலை. அக்கம்பக்கத்து வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்கி மௌனமாகத் தியானம் செய்வார்கள். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் சத்தமாக வாக்குவாதம் செய்வோம். (எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா என்பதில் ஆரம்பித்து, நான் யாரைப் போலப் பிறந்தேன் என்பதில் முடியும்.) எதிர்வீட்டு இத்தாலிக்காரப் பெண்மணி அதை ஏதோ பிரார்த்தனை முறை என்று நினைத்து, அந்த நேரத்துக்கு மாடிப்படியில் வந்து கண்மூடி உட்கார்ந்துகொள்வார்.

அம்மாவோடு மட்டும் என்றில்லை. கண்டக்டர், காய்கறிக்காரர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது "ஏன்?" என்பதுதான். சபையில் எனக்கு "ஏன் ஜெசி" என்றே பெயர் விழுந்திருந்தது.

தவக்காலமான லெந்து நாட்கள் வந்தால், ஈஸ்டர் வரைக்கும் நாங்கள் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம். அம்மா தலையில் பூ வைப்பதை விடுவார். அப்பா கறி சாப்பிடுவதை விட்டுவிட்டு, கறிக்கடை வழியாக வருவதை மட்டும் விடமாட்டார். நான் வருடா வருடம் பாகற்காயை விட்டுவந்தேன். (எனக்குப் பாகற்காய் பிடிக்காது.) அந்த வருடம் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையில் போதகர், "தட்டில் இருப்பதை எல்லாரும் விடுகிறோம், சொந்தப் பிடிவாதத்தை விடுகிறவர்கள் யார்?" என்று கேட்டார். அவர் பொதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் உடம்பை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே முடிவு செய்தேன். ஈஸ்டர் வரைக்கும், பாவமான காரியமாக இல்லாத பட்சத்தில், யார் எதைச் சொன்னாலும் "சரி" என்று சொல்லி உடனே செய்வது. ஏன், எதற்கு என்று கேட்பதில்லை.

அம்மா முதலில் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார். பிறகு சோதனை வைத்தார்.

"ஜெசி, பரண்ல இருக்கிற அண்டாவ இறக்கு."

"சரிம்மா."

"இப்ப அத திரும்ப மேல வை."

"சரிம்மா."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கலம்மா."

அம்மா உள்ளே போய்ப் பெரியம்மாவுக்குப் போன் செய்தார். "அக்கா, இந்த லெந்து நாள் வருஷம் பூரா இருந்தா எவ்ளோ நல்லாயிருக்கும்!" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது போலிருந்தது. எதிர்வீட்டு இத்தாலிக்காரப் பெண்மணி மட்டும் நான்கைந்து நாள் மாடிப்படியில் காத்திருந்து ஏமாந்து போனார்.

விஷயம் சபை முழுக்கப் பரவியது. அதன் பலனாக எனக்கு ஒரு பெரிய கௌரவம் வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் மதியம் மூன்று மணி நேரம் மும்மணி ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேச வேண்டும். ஏழு பேரும் ஆண்களே. ஒவ்வொருவரும் தன் வார்த்தையோடு பக்கத்து வார்த்தையையும் சேர்த்துப் பேசுவதால் ஆராதனை நேரத்துக்கு முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது. அன்றைக்கு எல்லாரும் உபவாசம். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பின்னால் பெண்கள் காய்ச்சும் கஞ்சியைக் குடித்துத்தான் உபவாசத்தை முடிப்போம். பெண்கள் சங்கத்தினர் தங்களுக்கும் ஒரு வார்த்தை கொடுங்கள் என்று பல வருடமாகக் கேட்டும், கிடைத்தது கஞ்சிக் கரண்டிதான்.

அந்த வருடம் போதகர் கமிட்டியில் என் பெயரைச் சொன்னார். ஐந்தாம் வார்த்தை. இயேசு தாகமாக இருப்பதாகச் சொன்ன வார்த்தை.

சபைச் செயலாளர் தேவதாஸ் ஐயா பதறிவிட்டாராம். "பாஸ்டர், அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா மூடாதே! வெள்ளிக்கிழம ஆரம்பிச்சா ஈஸ்டர் அன்னிக்குத்தான் முடிப்பா."

"அவ இப்ப ரொம்ப மாறிட்டாங்க ஐயா. யாரையும் எதுத்து ஒரு பேச்சு இல்லையாம்."

தேவதாஸ் ஐயா யோசித்து, "சரி, இந்த ஒரு வாட்டி பாக்கலாம். சரியா வரலன்னா, பொம்பளைங்களுக்குக் குடுக்கற பேச்ச இனிமே யாரும் எடுக்கக் கூடாது" என்று ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு பெண்கள் சங்கத்து அக்காமார் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாழ்த்துவார்கள் என்று பார்த்தால், "தோ பாரு ஜெசி, நீ சொதப்புனன்னா நாங்க சாகற வரைக்கும் கஞ்சிதான் கிண்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரவு பகலாக உட்கார்ந்து பத்துப் பதினோரு பக்கம் எழுதினேன். கிரேக்க மூலத்தில் என்ன சொல் வருகிறது, பாலஸ்தீனத்தில் மழை எப்போது பெய்யும் என்று யாருக்கும் தேவைப்படாத செய்திகள் எல்லாம் அதில் இருந்தன.

இங்கே எங்கள் ஊரின் ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். ஈஸ்டர் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பங்குனிப் பௌர்ணமிக்கும் பெரும்பாலும் அதே நிலாதான். வேறு ஊரில் இது யாருக்கும் உறைக்காது. திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்ற வருவார்கள், ரோட்டில் ஆட்டோ ஓடாது. அந்த வருடம் பெரிய வெள்ளியும் பங்குனிப் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்து நின்றன.

அம்மாவும் அப்பாவும் விடியற்காலையிலேயே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்கள். அம்மாவுக்குக் கஞ்சி வேலை, அப்பாவுக்கு நாற்காலி போடும் வேலை. நான் வெள்ளைப் புடவை கட்டி, பேச்சைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆராதனைக்கு நிறைய நேரம் இருக்கும்போதே வீட்டைப் பூட்டினேன். ஆராதனை முடியும் வரை யாரும் போனைத் தொட வேண்டாம் என்று போதகர் முந்தின ஞாயிறு சொல்லியிருந்தார். ஆகவே போன் பீரோவில் இருந்தது. (எல்லாரும் சைலண்டில் போட்டார்கள். நான் பூட்டியே வைத்தேன்.)

ஆட்டோ இல்லை. சரி, டவுன்தானே, நடக்கலாம் என்று செங்கம் ரோட்டில் இறங்கினேன். கிரிவலக் கூட்டம் எனக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். தடுப்புக் கட்டையின் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் விசிலை எடுத்து ஊதினார்.

"ஏம்மா, எதிர்ல வராத! கூட்டம் எப்படிப் போவுதோ அப்படியே போ!"

என் தொண்டையில் அப்போது குறைந்தது நான்கு பதில்கள் வரிசையில் நின்றன. நான் கிரிவலம் வரவில்லை, நான் இந்த ஊர்க்காரி, இன்றைக்கு எங்களுக்கும் பெரிய நாள், தவிர இது பொது ரோடு. நான்கையும் விழுங்கினேன்.

"சரிங்க சார்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அந்த மனிதர் அடுத்த நொடியே வேறு பக்கம் பார்க்கப் போய்விட்டார். பால் கேன் வைத்த ஒரு சைக்கிள்காரர் அவர் முதுகுக்குப் பின்னாலேயே எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு போனார். நான் மட்டும் கூட்டத்தோடு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். ஏதாவது சந்து வந்தால் நுழைந்து சுற்றிப் போய்விடலாம் என்பதுதான் என் திட்டம். அதற்குள் ஒரு கை என் முழங்கையைப் பிடித்தது.

"ஏ பொண்ணு, தனியாவா வந்த? செருப்பு மாட்டிக்கினா மலைய சுத்துவ? இன்னா பழக்கம் இது? கழட்டு மொதல்ல."

ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் பெரிய வயர்கூடை. பெயர் பச்சையம்மா, செங்கத்துப் பக்கம் ஒரு கிராமம், நிலக்கடலை போடுகிற குடும்பம் என்பதெல்லாம் அடுத்த பத்தடிக்குள் தெரிந்துவிட்டது. பின்னால் அவர் கணவர் வந்தார். அவர் கடைசி வரை வாயே திறக்கவில்லை. பச்சையம்மா சொன்னதையெல்லாம் செய்தார். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, கல்யாணமான நாளிலிருந்து லெந்து நாட்களிலேயே இருக்கும் மனிதர் அவர்.

செருப்பைக் கழற்றினேன். அது வயர்கூடைக்குள் போனது. வயர்கூடை என் கைக்கு வந்தது.

"எங்க கூடவே வா. தனியா போவாத."

"சரிங்கம்மா."

இப்படித்தான் எல்லாச் சந்துகளும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. மலையைச் சுற்றுவது பாவமா என்று நடந்துகொண்டே ஆராய்ந்தேன். ரோட்டில் நடக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. போதாததற்கு, அதே வேதத்தில் எரிகோ கோட்டை இடிந்து விழும்வரை சுற்றிச் சுற்றி வந்தவர்கள் நம்மவர்கள்தான். மலையைச் சுற்றியுள்ள லிங்கச் சன்னதிகளில் ஒன்றான நிருதி லிங்கத்தில் அவர்கள் உள்ளே போனபோது, "நீ கூடைய பாத்துக்க" என்றார் பச்சையம்மா. கீழ்ப்படிதலுக்கும் விசுவாசத்துக்கும் ஒரே நேரத்தில் வசதியான கட்டளை அது. வருண லிங்கத்திலும் அப்படியே ஆனது.

நீர்மோர்ப் பந்தல்தான் என்னைச் சோதித்தது. பங்குனி வெயிலுக்கு அடிக்கு ஒரு பந்தல் போட்டிருந்தார்கள்.

"குடி."

"இன்னிக்கு உபவாசம்மா."

"வெயில்ல நீ வுழுந்தா யாரு தூக்கறது? இவரா? குடி."

"சரிங்கம்மா."

ஒரு டம்ளர் குடித்தேன். அடுத்த பந்தலில் இன்னொன்று. அதற்கடுத்ததில் பானகம். உபவாசத்தைக் காப்பாற்றினால் கீழ்ப்படிதல் போகிறது, கீழ்ப்படிந்தால் உபவாசம் போகிறது. நான் கீழ்ப்படிதலின் பக்கம் நின்று குடித்துக்கொண்டே போனேன். (நன்றாகவும் இருந்தது, பெருங்காயம் தூக்கலாகப் போட்டிருந்தார்கள்.)

நடுவில் பச்சையம்மா, "இவரு ஒக்கார ஒரு பேப்பர் இருந்தா குடேன்" என்று கேட்டார். என் கைப்பையில் இருந்தது ஒரே ஒரு வகைப் பேப்பர்தான். சரி என்று முதல் இரண்டு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் கிரேக்க மூலத்தின் மேல் நிம்மதியாக உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டார். அடுத்து சுண்டல் வாங்க இரண்டு பக்கம். கை துடைக்க ஒன்று. விசிற மூன்று. பாலஸ்தீனத்தின் மழை நிலவரத்தில் யாரோ புளியோதரை மடித்துக் கொடுத்தார்கள்.

அடி அண்ணாமலை சிவன் கோயில் வந்தது. மலைக்குச் சரியாகப் பின்பக்கம். டீக்கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். டவுனில் ஆராதனை ஆரம்பித்திருக்கும். அப்போதுதான் என் மரமண்டைக்கு, நான் எங்கள் கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன் என்பது உறைத்தது. காலெல்லாம் கொப்புளம். அழுகை வந்துவிட்டது.

"இங்கயாச்சும் உள்ள வந்து கும்புடேன். எதுக்கு அழுவற?" என்றார் பச்சையம்மா.

"அம்மா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. இன்னிக்குப் பெரிய வெள்ளி. டவுன் சர்ச்சுல நான் பேசணும். நான் போகலன்னா, இனிமே எந்தப் பொண்ணையும் பேச உட மாட்டாங்க."

பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்புறம் இன்னாத்துக்குடி மலைய சுத்தற?"

"போலீஸ்காரர் இப்படித்தான் போகணும்னு சொன்னாருங்க."

அவர் சிரித்த சிரிப்பில் வயர்கூடை குலுங்கியது. பின்னால் நின்ற கணவர்கூட வாயைத் திறக்காமலேயே தோளைக் குலுக்கிச் சிரித்தார். லெந்து நாட்களையும் என் தீர்மானத்தையும் விக்கி விக்கிச் சொல்லி முடித்தேன். சிரிப்பு நின்றது, திட்டு ஆரம்பித்தது.

"சொன்னத கேளுன்னுதான் ஒங்க சாமி சொல்லியிருப்பாரு. மூளைய கழட்டி வெச்சிட்டு வான்னா சொன்னாரு? நானும் காலையிலேர்ந்து அத செய் இத செய்னு சொல்லிக்கினே இருக்கேன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா நீ? பாதி வழி வந்தாச்சு. முன்னால போனாலும் அவ்ளோதான், பின்னால போனாலும் அவ்ளோதான். எழுந்திரு. நானே ஒங்க கோயில்ல கொண்டாந்து உட்டுட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினோம். மிச்சமிருந்த லிங்கங்களைப் பச்சையம்மா ரோட்டில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு தாண்டினார். என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக அவர் தன் கும்பிடைச் சுருக்கிக்கொண்டதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. காஞ்சி ரோட்டில் கடைசிப் பந்தல். அங்கே ஒருவர் ஒரு கையால் மோரும் மறு கையால் வருகிறவர்கள் நெற்றியில் விபூதியும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சுதாரிப்பதற்குள் மூன்று விரலும் பதிந்துவிட்டன. புடவைத் தலைப்பால் துடைத்தேன். வியர்வையில் அது நெற்றி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பரவியது எனக்குத் தெரியாது.

நான் கோயிலுக்குள் நுழைந்தபோது நான்காம் வார்த்தை முடிந்து பாட்டும் முடிந்திருந்தது. தேவதாஸ் ஐயா பிரசங்க பீடத்தின் முதல் படியில் ஒரு காலை வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். என் இடத்தை அவரே நிரப்பப் போகிறார். பக்கவாட்டுக் கதவில் பெண்கள் சங்கத்து அக்காமார் கஞ்சிக் கரண்டியோடு நின்றிருந்தார்கள். நடுவில் அம்மா. அம்மாவின் பார்வை என் தார் படிந்த காலில் ஆரம்பித்து நெற்றியில் போய் நின்றது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார்.

பச்சையம்மாவும் கணவரும் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் நொண்டிக்கொண்டே பீடத்தடிக்குப் போனேன். தேவதாஸ் ஐயா குனிந்து, மெதுவாக, உண்மையாகவே பரிவோடுதான் சொன்னார்:

"முடியலன்னா பரவாயில்லம்மா. நீ போய் உக்காரு. நான் பேசிடறேன்."

தெளிவான கட்டளை. சொன்னவர் பெரியவர். உட்காருவது பாவமும் இல்லை. "சரிங்க ஐயா" என்பது பழக்க தோஷத்தில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவோரக் கரண்டிகளைப் பார்த்தேன்.

"மாட்டேங்க ஐயா" என்றேன்.

அத்தனை நாளில் நான் சொன்ன முதல் "மாட்டேன்" அது. பின்பெஞ்சிலிருந்து, "அப்படிச் சொல்லு!" என்று பச்சையம்மாவின் குரல் கேட்டது. தேவதாஸ் ஐயா திகைத்துப் போய்க் காலைக் கீழே வைத்தார்.

ஏறினேன். போதகர் கீழிருந்து என்னைப் பார்த்துத் தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஜெபத்தோடு ஆரம்பிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, நானும் நெற்றியில் கைவைத்துக் கண்மூடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்தேன். முன்னுரையும் இல்லை, கிரேக்கமும் இல்லை. கடைசிப் பக்கம் மட்டும் இருந்தது. அதில் ஓரத்தில் சுண்டல் எண்ணெய். அது போதாதென்று, மலையைச் சுற்றிலும் வாங்கிக் குடித்த மோரும் பானகமும் சேர்ந்து என்னை அவசரப்படுத்த ஆரம்பித்தன. என் வாழ்நாளில் அவ்வளவு அவசரம் எனக்கு வந்ததில்லை. நீளமாகப் பேச நினைத்திருந்தாலும் பேசியிருக்க முடியாது.

"இயேசு தாகமா இருக்குன்னு சொன்னப்போ, அவருக்குப் புளிச்ச காடியைத்தான் குடுத்தாங்க" என்றேன். "இன்னிக்குக் காலையிலேருந்து நான் தெரியாத்தனமா மலையைச் சுத்தி நடந்து வந்தேன். நான் யாரு, எந்தச் சாமின்னு கேக்காம வழி பூரா எனக்குத் தண்ணியும் மோரும் குடுத்தாங்க. நாமளும் யாருன்னு கேக்காம குடுக்கணும்னுதான் அவர் எதிர்பார்க்கிறார்னு நினைக்கிறேன். ஆமென்."

பின்பெஞ்சிலிருந்து பச்சையம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"சாவப் போற நேரத்துல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம பூடுச்சா அந்தப் புள்ளைக்கு? எங்க ரோட்டுப் பக்கம் வந்திருந்தா குடுத்திருப்பமே!"

முன்வரிசையில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. தேவதாஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் அதற்குள் பீடத்திலிருந்து இறங்கி, பக்கவாட்டுக் கதவில் அக்காமாரை இடித்துத் தள்ளிக்கொண்டு, கோயிலின் பின்புறம் ஓடிக்கொண்டிருந்தேன். பரிசுத்த ஆவியில் நிறைந்து ஓடுவதாகச் சில பெரியவர்கள் நினைத்தார்களாம். அம்மா மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு, "வலது பக்கம் போடி, வலது பக்கம்!" என்று கத்தினார்.

அன்றைக்கு மும்மணி ஆராதனை சபை வரலாற்றில் முதல் தடவையாகக் குறித்த நேரத்துக்கு முடிந்தது. கஞ்சி சூடாக இருந்தது. பச்சையம்மாவும் கணவரும் எங்களோடு உட்கார்ந்து துவையல் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். "உப்பு கம்மி" என்று பச்சையம்மா சொன்னார். அம்மா எதிர்த்துப் பேசாமல் உப்பு எடுத்துவரப் போனார்.

வீட்டில் இதை விடவே மாட்டேன் என்கிறார்கள். எனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். யாராவது யோசிக்காமல் எதையாவது செய்து மாட்டிக்கொண்டால், அம்மாவிலிருந்து என் மகள் வரை, "போலீஸ்காரர் சொன்னாரா?" என்றுதான் கேட்பார்கள். நான் பழையபடி "ஏன்?" என்று கேட்பவளாகி விட்டேன். கேட்டுவிட்டு, பெரும்பாலும் செய்துவிடுகிறேன்.

அடுத்த லெந்தில் தேவதாஸ் ஐயாவே வீடு தேடி வந்தார். "அஞ்சாவது எப்பவும் உனக்குத்தான்மா. இன்னும் ரெண்டு வார்த்தையும் பொம்பளைங்களுக்கே குடுக்கறதா கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். சீக்கிரம் முடிக்கிறீங்க" என்றார். வார்த்தை இழந்த மூன்று ஆண்கள் இப்போது கஞ்சி கிண்டுகிறார்கள். நன்றாகவே கிண்டுகிறார்கள்.

அன்றைக்கு நான் சுருக்கமாகப் பேசியதற்குக் காரணம் மோர்தான் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பெரிய வெள்ளியும், நான் பீடம் ஏறுவதற்கு முன்னால், தேவதாஸ் ஐயா ஒரு பெரிய சொம்பு நிறைய நீர்மோரோடு வந்து, உபவாச நாள் என்றும் பார்க்காமல், "குடிச்சிட்டு ஏறும்மா" என்று நீட்டுகிறார். நானும் "சரிங்க ஐயா" என்று பணிவாக வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், ஆறாம் வார்த்தை பேசக் காத்திருக்கும் அண்ணனிடம் கொடுத்து, "குடிச்சிடுங்கண்ணா" என்கிறேன். அவர் ஏன் என்று கேட்பதில்லை. ஆறாம் வார்த்தையும் இப்போதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது.